மெத்தையை மாற்றும் முன் கட்டிலைப் பாருங்கள்

வீட்டு அலங்காரம்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் படுக்கையறை பற்றிய ஐயங்களை எழுதியனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மெத்தையைப் பற்றியவையாகவே இருந்ததால், இந்த முறை மெத்தைக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 54. இடுப்பு வலிக்குப் பலகையில் படுப்பதுதான் நல்லது என்று உறவினர்கள் அனைவரும் ஒரே குரலில் சொன்னதால், நன்றாக இருந்த மெத்தையைக் கொடுத்துவிட்டுக் கல் போன்ற 4 அங்குலக் காயர் மெத்தை வாங்கினேன். மூன்று மாதங்களாகக் காலையில் எழும்போது இடுப்போடு சேர்ந்து தோள்பட்டையும் வலிக்கிறது. இன்னும் கடினமான மெத்தைக்கு மாற வேண்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம், சகோதரி. நீங்கள் வந்த வழியில் பாதி தூரம் திரும்பிப் போனால் போதும்.

முதுகு வலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் கிடக்கும்போதும் எழும்போதும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. 2003-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியாயிற்று.

காரணம் எளிதானதுதான். ஒருக்களித்துப் படுக்கும்போது உடலில் புடைத்து நிற்பவை தோளும் இடுப்பெலும்பும். மெத்தை சிறிதும் இடம் கொடுக்காவிட்டால் இந்த இரண்டு இடங்களே முழுப் பாரத்தையும் தாங்க, இடையில் உள்ள இடுப்பு வளைவு அந்தரத்தில் தொங்குகிறது. மாறாக, மெத்தை மிக மிருதுவாக இருந்தால் இடுப்பு அதிகமாக அமிழ்ந்து உடல் தொட்டில் போல வளைகிறது. முதல் வகை மெத்தை உங்கள் தோளையும், இரண்டாம் வகை உங்கள் முதுகையும் பதம் பார்க்கும்.

கடையில் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். கை தடையின்றி ஓடிப் போனால் மெத்தை உங்களுக்குக் கடினம். கையை நுழைக்கவே முடியாவிட்டால் மிருது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரியானது. பிறகு நீங்கள் வழக்கமாகப் படுக்கும் பக்கம் ஒருக்களித்துப் பத்து நிமிடமாவது அப்படியே கிடங்கள். கடைக்காரர் பார்க்கிறாரே என்று கூச்சப்பட்டு ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு தடவை அமுக்கிவிட்டுப் பணம் கட்டுவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு. உட்காரும்போது தெரிவது மெத்தையின் ஓரம் மட்டுமே. பருமனான உடலுக்குச் சற்றுக் கடினமான மெத்தையும் மெலிந்த உடலுக்குச் சற்று மிருதுவான மெத்தையும் பொருந்தும் என்பதால், அண்டை வீட்டார் சிபாரிசு இந்த விஷயத்தில் அதிகம் உதவாது.

புதிய மெத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இப்போதுள்ள காயர் மெத்தையின் மேல் 2 அங்குல லேடெக்ஸ் அல்லது நல்ல ஃபோம் விரிப்பு ஒன்றைப் போட்டுச் சில வாரங்கள் படுத்துப் பாருங்கள். கடைகளில் இதை டாப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அதற்கும் முன்பு மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலைப் பாருங்கள். மெல்லிய பிளைவுட் பலகைக்கு அடியில் போதிய குறுக்குச் சட்டங்கள் இல்லாமல் நடுவில் தொய்ந்திருக்கும் கட்டில்கள் ஏராளம். முழங்காலை ஊன்றி நடுவிலும் ஓரத்திலும் அழுத்தினால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். என் வீட்டில் மெத்தை குழி விழுகிறது என்று அடுத்தடுத்து இரண்டு மெத்தைகளை மாற்றிய பிறகுதான், நடுச்சட்டத்தைப் பிடித்திருந்த திருகாணி ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆசாரி வந்து முடுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ, அது மெத்தைக் கடையில் தீர்கிற காரியமல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மெத்தைக் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி, மெமரி ஃபோம், லேடெக்ஸ், பாக்கெட் ஸ்பிரிங் என்று அடுக்குகிறார்கள். சென்னையில் வசிக்கும் எங்களுக்கு எது பொருந்தும்?
- வாசகர், சென்னை

பதில்: டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 32 கிலோ இருக்கிறது என்று பொருள். அது ஃபோம் எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் காட்டுமே தவிர, எவ்வளவு கடினமானது என்பதைக் காட்டாது. ஒரே டென்சிட்டியில் மிருதுவாகவும் கடினமாகவும் ஃபோம் செய்ய முடியும். ஆகவே "40 டென்சிட்டி சார், முதுகுக்கு நல்லது" என்று விற்பனையாளர் சொன்னால், அதில் முதல் பாதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கு எத்தனை அங்குலம் என்றும் கேளுங்கள், ஏனெனில் மேலே ஓர் அங்குலம் மட்டும் உயர்ந்த பொருளை வைத்து, கீழே மலிவான ஃபோமை நிரப்பி, முழு மெத்தைக்கும் மேலடுக்கின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருக்கிறது.

மெமரி ஃபோம் 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென உருவாக்கப்பட்ட பொருள். உடல் சூட்டில் இளகி உடலைச் சுற்றிப் படிந்துகொள்வது அதன் குணம். அந்தக் குணமே சென்னையின் மே மாதத்தில் தொல்லையாகிறது: காற்று புக இடமின்றி உடலோடு ஒட்டிக்கொள்வதால் முதுகு வியர்க்கிறது. இரவு முழுவதும் ஏசி ஓடும் அறையாக இருந்தால் வாங்கலாம். மின்விசிறியை மட்டும் நம்பியிருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிரிங் மெத்தையின் உள்ளே காற்று நடமாட வழியிருக்கிறது. பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால், ஒருவர் புரண்டு படுத்தால் பக்கத்தில் இருப்பவர் அதிகம் அசைவதில்லை. இயற்கை லேடெக்ஸ் ரப்பர் பாலிலிருந்து செய்யப்படுவது. அழுத்தம் நீங்கியதும் சட்டென்று எழும்பிக்கொள்ளும், நீண்ட நாள் உழைக்கும், விலையும் அதிகம். இரட்டைக் கட்டில் அளவு லேடெக்ஸ் மெத்தையை ஓர் ஆள் தனியாகத் தூக்கிப் புரட்டுவது நடக்காது. தேங்காய் நாரில் ரப்பர் பாலைத் தெளித்து இறுக்கிய காயர் மெத்தை, நம் வெப்பத்துக்கும் நடுத்தர வருமானத்துக்கும் இன்றும் பொருந்துகிறது. அதன் மேல் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ மிருதுவான அடுக்கு வைத்துத் தைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள். சென்னைக்கு என் முதல் தேர்வு அதுவே. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் லேடெக்ஸ்.

கேள்வி: புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற என் மாமியார் சம்மதிப்பதில்லை. அழுக்காகிவிடும் என்கிறார். என்ன செய்ய?
- வாசகி, விழுப்புரம்

பதில்: கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் காப்பாற்றவே அந்த உறை. அதை விட்டுவைத்தால் வியர்வையும் ஈரமும் உள்ளேயே தங்கி, பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். கழற்றி, துவைக்கக்கூடிய பருத்தி உறை ஒன்றைத் தைத்துப் போடுங்கள். அழுக்காகிவிடுமே என்ற உங்கள் மாமியாரின் கவலையும் அதில் தீரும்.

கேள்வி: அம்மா தன் திருமணத்துக்குத் தைத்த இலவம்பஞ்சு மெத்தை எங்கள் வீட்டில் இருக்கிறது. கட்டி தட்டி மேடும் பள்ளமுமாக ஆகிவிட்டது. போட்டுவிடலாமா, திருத்த முடியுமா?
- வாசகர், மதுரை

பதில்: தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஃபோம் மெத்தை கெட்டால் குப்பைதான். இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, அடித்து, புது உறையில் நிரப்பித் தைத்தால் மறுபடியும் மெத்தை. உங்களுக்குப் போடிநாயக்கனூர் பக்கம். இலவம்பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர் அது. குறைகிற பஞ்சைச் சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு.

புதிதாகச் சேர்க்கும் பஞ்சில் ஆலைக் கழிவுப் பருத்தி கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து, விளக்குத் திரி போலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரித்துப் பாருங்கள். பருத்தி உடனே முறுக்கேறித் திரியாகும். இலவம்பஞ்சோ பட்டுப்போல் வழுக்கிப் பிரிந்துகொள்ளும், ஏனென்றால் அதன் இழை வழவழப்பானது, மெழுகுப் பூச்சுடையது. நூல் நூற்க உதவாத அந்தக் குணமே, ஈரத்தை எளிதில் உறிஞ்சாமல் மெத்தை லேசாக இருப்பதற்கும் காரணம். தைப்பவரை உங்கள் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ வைத்தே வேலை செய்யச் சொல்லுங்கள். கண்ணெதிரே நிரப்பிய பஞ்சில் ஐயம் எழாது.

மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் வெயில் காட்டி, இருபுறமும் தட்டி எடுங்கள். உலர்ந்த சூட்டில் தூசிப் பூச்சிகள் பிழைப்பது கடினம். ஆனால் இதே உபசாரத்தை ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளுக்குச் செய்துவிடக் கூடாது. நேர்வெயிலில் லேடெக்ஸ் நாளடைவில் இறுகி உதிரத் தொடங்கும். அவற்றை நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவைத்தால் போதும். இன்னொன்று, இலவம்பஞ்சு மிக எளிதில் தீப்பிடிக்கும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் படுக்கையறை மேல்மாடியில், 10-க்கு 11 அடி. ஏசி போட்டும் நள்ளிரவு வரை அனல் குறைவதில்லை. அமைதியான தூக்கத்துக்குச் சுவரில் என்ன நிறம் அடிக்கலாம்?
- வாசகி, திருப்பூர்

பதில்: சுவரின் நிறம் பிறகு. முதலில் மொட்டைமாடிக்கு வெள்ளை அடியுங்கள். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்ணிறப் பூச்சோ, அதுவும் முடியாவிட்டால் கோடைக்கு முன் சுண்ணாம்புப் பூச்சோ, அந்தச் சூட்டை மூலத்திலேயே குறைக்கும். மேற்கு ஜன்னல் இருந்தால் அதற்கு வெளிப்புறம் நிழல் வேண்டும். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் அறைக்குள்ளேதான் தங்கும். ஏசியை 18-இல் வைத்துப் போர்வைக்குள் நடுங்குவதைவிட, 24 முதல் 26 வரை வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவது உடலுக்கும் மின்கட்டணத்துக்கும் இதம்.

மின்விசிறி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் வீடுகளில் கொக்கியை அறையின் நடுவில் போடுகிறார்கள், கட்டிலைச் சுவரோரம் தள்ளுகிறார்கள். காற்று கால் பக்கம் மட்டும் விழுகிறது. உங்கள் அளவு அறையில் கட்டிலைத் தலைமாட்டுச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தினாலே மாற்றம் தெரியும். இடமில்லை என்பீர்கள். அறையில் எத்தனை பீரோக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, ஒன்றைக் கூடத்துக்கு மாற்றுங்கள்.

இனி நிறம். வெளிர் நிறங்களில் உங்களுக்குப் பிடித்த எதுவும் சரிதான். அதைவிட முக்கியமானது விளக்கு. குழல்விளக்கின் வெள்ளொளியைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிட்டு, மஞ்சள் ஒளி தரும் சிறு விளக்கு ஒன்றைத் தாழ்வாகப் பொருத்திக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் இடத்தைக் கட்டிலுக்கு எட்டாத மூலையில் வையுங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பெற்றோருக்குக் கட்டில் செய்யக் கொடுக்கிறோம். எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? வடக்கே தலை வைக்கக் கூடாது என்கிறார் அப்பா. அறையின் அமைப்போ அதற்கு இடம் தரவில்லை.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டிலின் உயரத்தை மட்டும் ஆசாரியிடம் சொல்லாதீர்கள், மெத்தையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மெத்தையின் ஓரத்தில் உட்காரும்போது பாதம் முழுமையாகத் தரையில் படிந்து, தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இது 18 முதல் 20 அங்குலத்துக்குள் வரும். அம்மா குள்ளம், அப்பா உயரம் என்றால் அம்மாவின் அளவையே எடுங்கள். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் 16 அங்குலம், அதன் மேல் 8 அங்குல மெத்தை என்றால் 24 ஆகிவிடும். அதிலிருந்து இறங்குவது முதியவருக்குத் திண்ணையிலிருந்து குதிப்பதைப் போன்றது. உள் அளவு 78-க்கு 72 அங்குலம் என்று எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மெத்தை பொருந்தும். ஓரம் மிருதுவான மெத்தையைத் தவிருங்கள்; எழுவதற்குக் கையை ஊன்றும்போது அது வழுக்கிவிடும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில் கால்மிதியோ விரிப்போ கிடக்கக் கூடாது. படுத்தபடியே எட்டும் இடத்தில் ஒரு விளக்குச் சுவிட்ச் இருக்க வேண்டும்.

திசையைப் பொறுத்தவரை, "வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைக்காதே" என்று கேட்டு வளர்ந்தவரிடம் நான் வாதாடப் போவதில்லை. மனத்தில் உறுத்தலோடு படுப்பவருக்கு எந்த மெத்தையும் சுகப்படாது. கட்டிலைத் திருப்ப முடியாவிட்டால் தலையணையை எதிர்ப்பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்கு வசதியாக, உயரமான தலைப்பலகை இல்லாமல் இரு பக்கமும் ஒரே உயரத்தில் தாழ்வான சட்டம் வைத்துச் செய்யும்படி ஆசாரியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.