ஏற்காடு ஏறிப் பழகிய கால் லடாக் குளிருக்குப் போதுமா?

கேள்வி: "நான் சேலம். வாரம் ஒருமுறை சைக்கிளில் ஏற்காடு ஏறுகிறேன். லடாக்கில் ஜனவரியில் வழிகாட்டியோடு கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் உறைந்த ஆற்றின் மேல் நடை என்று ஒரு பயணம் இருக்கிறது. சேரலாமா? இந்தப் பயிற்சி போதுமா?"

தாராளமாகச் சேரலாம். நானும் அஸ்தம்பட்டிதான். போன தை மாதம் இதே மாதிரி ஒரு குழுவோடு போய் வந்தேன். லே நகரத்திலிருந்து நிம்மு வரை சைக்கிளில் சுமார் 35 கி.மீ. அங்கிருந்து வண்டியில் சில்லிங் தாண்டிப் போய், அப்புறம் ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் இரண்டு நாள் நடை. உறைந்த ஆற்றை அங்கே சாதர் என்கிறார்கள், அதாவது போர்வை.

கால் பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்காமல் மிதிக்கிறவருக்கு அந்தச் சாலை பெரிய விஷயமில்லை, மொத்தத்தில் பார்த்தால் அது இறக்கம்தான். மூச்சு வேறு கதை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், லே 3,500 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதற்கு ஏற்காட்டுப் பயிற்சி துளியும் உதவாது. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்க வேண்டும். எங்கள் குழுவில் முதல் நாளே "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று கடைவீதி சுற்றப் போனவர்தான் ராத்திரி தலைவலியும் வாந்தியுமாகப் படுத்தார்.

ஏற்காடு உண்மையிலேயே சொல்லிக்கொடுப்பது இறங்கும்போதுதான். மார்கழி விடியற்காலையில் மேலே போனால் 12, 13 டிகிரிதான் இருக்கும், ஆனாலும் ஏறி முடிப்பதற்குள் பனியன் நனைந்துவிடும். ஒண்டிக்கடையில் ஒரு காபி குடித்துவிட்டு அப்படியே இறங்கிப் பாருங்கள். ஐந்தாவது வளைவுக்குள் பல் அடிக்கும், பிரேக் பிடிக்கிற விரல் மரத்துப்போகும். குளிர்வது காற்றால் மட்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சுவதும் பெரிய காரணம். இங்கே அடிவாரம் வந்தால் வெயில் காப்பாற்றிவிடும். அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை, மைனஸ் 15 டிகிரியில் நின்றால் அந்த வேர்வையே உறைகிறது. எங்கள் வழிகாட்டி ஒரு லடாக்கி, பேச்சு கம்மி. கிளம்பும்போது "இப்போது குளிர வேண்டும், குளிரவில்லை என்றால் ஒரு சட்டையைக் கழற்றுங்கள்" என்றார். நான் கழற்றவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரையும் சேர்த்து நாலு அடுக்கு. வழியில் இருக்கும் குருத்வாரா பத்தர் சாகிப் என்ற சீக்கியர் கோயில் பக்கம் டீக்கு நின்ற பத்தே நிமிடத்தில் முதுகு முழுக்க ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிட்டது. பருத்திப் பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது சிந்தெடிக், மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். இதைப் போட்டுக்கொண்டு டிசம்பரில் நாலைந்து முறை ஏற்காடு ஏறி இறங்கினால் எந்த இடத்தில் எதைக் கழற்றுவது, எங்கே மாட்டுவது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு பாடம் நான் பணம் கொடுத்து வாங்கியது. சொந்த சைக்கிளைக் கொண்டுபோனேன். கிளம்பும் முன் நான் வழக்கமாகக் கொடுக்கும் கடையில் சர்வீஸ் செய்தபோது பின் சக்கர ஹப்புக்குள் கெட்டி கிரீஸை அப்பிவிட்டார்கள். சேலம் வெயிலுக்கு அது சரி. லேயில் காலையில் மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. குளிரில் கிரீஸ் இறுகி, உள்ளே இருக்கும் பல் எழும்பிப் பிடிக்கவில்லை. முதல் மூன்று கி.மீ. தள்ளிக்கொண்டே போனேன், பிறகு வெயில் ஏறி அதுவாகச் சரியானது. அங்கேயே ஆணி வைத்த டயரோடு சைக்கிள் கிடைத்தால் அதையே எடுங்கள். வெயில் படாத வளைவுகளில் சாலை ஈரமாக இருப்பது போலத்தான் தெரியும், ஆனால் அது கண்ணாடிபோலப் பனிக்கட்டி. ஏற்காட்டில் வளைவுக்குள் பிரேக் பிடிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதை இப்போதே விடுங்கள், வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைக்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேலிருந்துதான் உறையும், வாய்ப்பக்கம் தப்பும். போனை உள்சட்டையில் வையுங்கள். தடித்த சாக்ஸ் மூன்று போட்டு ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும், ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும்.

நடை பற்றிப் பயந்துகொண்டே போனேன். வாழப்பாடி பக்கம் அம்மா ஊரில் நாற்று நட்ட வயல் வரப்பில் எப்படி நடப்போம்? காலை உயர்த்தாமல், குதிகாலை ஊன்றாமல், முழுப் பாதமும் ஒரே சமயம் படும்படி, முழங்காலைச் சற்று மடக்கி. அதேதான். "பென்குயின் மாதிரி நட" என்று எல்லோருக்கும் சொன்ன வழிகாட்டி என்னை மட்டும் விட்டுவிட்டார். ஆனால் எங்கே கால் வைப்பது என்பது நம் கையில் இல்லை. கீழே ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, நேற்று கெட்டியாக இருந்த இடம் இன்று உடைந்து கிடக்கும். அவர் கம்பால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் முன்னே போவார், உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வந்தால் பாறை ஓரமாக ஏறிச் சுற்ற வேண்டும். இரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில் அப்படித் தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கலாமே என்று எங்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கூடாரத்துக்கு வந்து வெண்ணெயும் உப்பும் போட்ட டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் திருப்பம் இருந்த பக்கமிருந்து பனி உடையும் சத்தம் கேட்டது. முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.