எலும்புக்கும் தோலுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இறந்தவர் யாரென்று தெரியாதபோது மண்டையோட்டிலிருந்து முகத்தை உருவாக்குவது பற்றித்தான். அதனால் மற்றவை அடுத்த இதழுக்கு.

கேள்வி: சினிமாவில் மண்டையோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுமே அச்சு அசலாக ஒரு முகம் வந்து நிற்கிறது. நிஜத்தில் அது எப்படி நடக்கிறது?

அச்சு அசல் என்பதை முதலில் விட்டுவிடுங்கள். மண்டையோட்டில் சில குறிப்பிட்ட புள்ளிகளை வைத்திருக்கிறார்கள்: புருவங்களுக்கு நடுவில், மூக்கெலும்பு முடியும் இடத்தில், முகவாயின் முன்பக்கத்தில், கன்ன எலும்பின் வெளி விளிம்பில், தாடை மடங்கும் மூலையில், இப்படி. ஒவ்வொரு புள்ளியிலும் எலும்புக்கு மேலே தோல், கொழுப்பு, தசை எல்லாம் சேர்ந்து எவ்வளவு தடிமன் என்று பலரிடம் அளந்து, சராசரி எடுத்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தோராயமாகச் சொன்னால் மூக்கெலும்பு முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர்தான், புருவ நடுவில் 5 அல்லது 6, முகவாயில் 11 பக்கம், கடைவாய்ப் பற்களுக்கு மேலே கன்னத்தில் 20-ஐத் தாண்டிவிடும். அந்தந்த நீளத்துக்குக் குட்டிக் குச்சிகளை வெட்டி மண்டையோட்டின் நகலில் ஒட்டுவார்கள் (அசல் சாட்சியப் பொருள், அதில் பசை தடவக் கூடாது), அப்புறம் களிமண்ணில் தசைகளை ஒவ்வொன்றாக வைத்து, குச்சியின் நுனி வரை தோலைக் கொண்டுவருவார்கள். இன்று இதைத் திரையிலேயே செய்கிறார்கள், ஆனால் கணக்கு அதேதான். கம்ப்யூட்டர் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை.

கேள்வி: இதை முதலில் அளந்தது யார்? ஸ்கேன் இல்லாத காலத்தில் எப்படி அளந்தார்கள்?

ஜெர்மன் உடற்கூறியல்காரர்கள். 1883-இல் ஹெர்மன் வெல்கர் 13 ஆண் சடலங்களில் மெல்லிய கத்தி அலகைத் தோலில் குத்தி, எலும்பில் முட்டும் வரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். அடுத்து வில்ஹெல்ம் ஹிஸ். லைப்சிக்கில் 1894-இல் தோண்டி எடுத்த எலும்புகள் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் எலும்புகள்தானா என்ற கேள்வி அவரிடம் வந்தது. அவர் ஊசியில் ஒரு சின்ன ரப்பர் வட்டைக் கோத்துக்கொண்டார்: ஊசி எலும்பைத் தொட்டதும் வட்டைத் தோலோடு ஒட்ட நகர்த்திவிட்டு, ஊசியை வெளியே எடுத்து, முனைக்கும் வட்டுக்கும் இடையே அளந்தால் போதும். எளிமையான யோசனை, ஆனால் எனக்கு இன்றும் பிடித்தது. அந்த அளவுகளை வைத்துச் சிற்பி கார்ல் செஃப்னர் பாக்கின் முகத்தைக் களிமண்ணில் வடித்தார்.

இதன் தொடர்ச்சியாக வந்த ஒரு சோதனையைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1913-இல் ஃபோன் எக்கலிங் என்பவர் ஒரே மண்டையோட்டின் நகல்களையும் ஒரே அளவுகளையும் இரண்டு சிற்பிகளிடம் கொடுத்தார். வந்த இரண்டு முகங்களும் ஒன்றுபோல் ஒன்று இல்லை, இறந்தவரின் முகமும் அவற்றில் இல்லை. அட்டவணை சில டஜன் புள்ளிகளுக்குத்தான் பதில் சொல்லும், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள இடமெல்லாம் செய்பவரின் கையில் இருக்கிறது.

கேள்வி: நான் பல் மருத்துவ மாணவி. முக மென்திசுத் தடிமனை அளப்பதை ப்ராஜெக்டாக எடுக்க நினைக்கிறேன். சி.டி. ஸ்கேன் நல்லதா, அல்ட்ராசவுண்டா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கச்சிதமான முறை என்று ஒன்று கிடையாது, எந்தத் தவற்றோடு வாழப் போகிறீர்கள் என்பதுதான் தேர்வு. சடலத்தில் ஊசி போட்டால், இறந்தபின் திசு உலர்ந்தோ ஊதியோ போயிருக்கும். சி.டி.யில் எலும்பு அருமையாகத் தெரியும், ஆனால் ஆள் மல்லாந்து படுத்திருப்பதால் கன்னச் சதை காதுப் பக்கம் சரிந்துவிடும், நாமோ மனிதரை நிமிர்ந்த நிலையில் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறோம். அல்ட்ராசவுண்டில் உட்காரவைத்தே அளக்கலாம், கதிர்வீச்சும் இல்லை. ஆனால் ப்ரோபை (தோலில் வைக்கும் கருவியை)க் கொஞ்சம் அழுத்தினாலே சதை நசுங்கி அளவு குறைந்துவிடும், ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, ப்ரோப் தோலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி பிடிக்கப் பழக வேண்டும். பல் மருத்துவத்தில் எடுக்கும் கோன்-பீம் சி.டி.யில் ஆளை உட்காரவைக்கலாம் என்பது நல்ல விஷயம், அதிலும் முகவாயைத் தாங்கும் பட்டை இருந்தால் முகவாய் அளவு கெட்டுவிடும், அந்தப் படங்களை ஒதுக்கிவிடுங்கள். பக்கவாட்டு எக்ஸ்-ரே உங்களிடம் நிறைய இருக்கும், ஆனால் அது முகத்தின் நடுக்கோட்டுக்கு மட்டும்தான் உதவும்.

ப்ராஜெக்டுக்காக மட்டும் யாரையும் சி.டி.க்குள் அனுப்பாதீர்கள். வேறு காரணத்துக்கு ஏற்கெனவே எடுத்த படங்களை நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு பயன்படுத்துங்கள். வீக்கம், எலும்பு முறிவு, முக அறுவை சிகிச்சை, முன்பற்கள் இல்லாதவர்கள் எல்லாம் வேண்டாம். எடையும் உயரமும் பதிவில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், கன்னத்தின் தடிமனை மாற்றுவதில் உடல் பருமனுக்குப் பெரிய பங்கு உண்டு, பழைய ஸ்கேன்களில் அந்த விவரம்தான் இருக்காது. கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி எல்லாத் தலைகளையும் நிமிர்த்திவிட்டு அளக்கத் தொடங்குங்கள். எலும்புக்குச் செங்குத்தாக அளக்கிறீர்களா, வேறு திசையிலா என்று எழுதி வையுங்கள், தாடை மூலை மாதிரி வளைந்த இடத்தில் கோணம் சற்று மாறினாலே எண் மாறிவிடும். கடைசியாக, அளந்த படங்களில் ஒரு பகுதியைச் சில வாரம் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளங்கள், இன்னொருவரையும் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு அளவுகளுக்குள்ளேயே 1 மில்லிமீட்டர் வித்தியாசம் வருகிறதென்றால் சராசரியை இரண்டு தசமத்தில் எழுதுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டாமா?

வேண்டும் என்றுதான் நீண்ட காலமாக நம்பினார்கள், அதனால்தான் இத்தனை அட்டவணைகள். 2008-இல் ஸ்டீஃபன், சிம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வெளியான அளவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, குழுக்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் அளக்கும் பிழையின் அளவுக்கே இருக்கிறது என்று சொன்னார்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு. ஒருவர் ஊசியால் அளந்ததையும் இன்னொருவர் சி.டி.யில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து இந்த மக்களுக்குக் கன்னம் தடிமன் என்று சொல்வது சரியில்லை என்பது என் கட்சி. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் பெரியவர்கள் அட்டவணையைப் போடக் கூடாது, அதில் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: காது, உதடு, மூக்கு நுனி, முடி?

மூக்குக்கு எலும்புத் துளையும் அதன் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முள்ளும் துப்புக் கொடுக்கும், வாயின் அகலத்துக்குப் பற்கள். காதின் வடிவமும் முடியும் ஊகம்தான். அதனால் முடியை மங்கலாகக் காட்டுவதே நல்லது, அழகாக வாரிவிட்ட தலையைப் பார்த்துவிட்டு இது என் அண்ணன் இல்லை என்று ஒருவர் போய்விட்டால் வேலையே வீண்.

கேள்வி: இப்படி உருவாக்கிய முகத்தைக் கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டலாமா?

இவர்தான் இறந்தவர் என்று நிரூபிக்க இது உதவாது. யாராவது பார்த்துவிட்டு இவரைத் தெரிந்த மாதிரி இருக்கிறதே என்று போன் செய்ய வேண்டும், அதற்குத்தான் இது. பெயர் ஒன்று கிடைத்தபின் பல் பதிவுகளோ டி.என்.ஏ.யோதான் உறுதி செய்யும்.

கேள்வி: கீழ்த்தாடை கிடைக்காவிட்டால்?

மேல்தாடையையும் மண்டையின் அளவுகளையும் வைத்து ஒரு தாடையை ஊகித்துச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் முகத்தின் கீழ்ப்பாதி எலும்பைப் பார்த்து வந்ததல்ல என்பதை அறிக்கையிலும் வெளியிடும் படத்தின் கீழேயும் எழுதியாக வேண்டும்.