வெளிநாடு போய் அரபு படித்தால் பிறருக்கு உதவும் அளவுக்குப் பேச வருமா? எத்தனை மாதம் ஆகும்?

வரும். ஆனால் 'எத்தனை மாதம்' என்று நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டீர்கள், அகதிகளுக்கு மொழிபெயர்த்து உதவுவதுபோலக் கனவும் காண ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

2014இல் ஜோர்டானின் அம்மானுக்குப் போனேன். முன்பெல்லாம் அரபு படிக்க டமாஸ்கஸ் போவார்கள். 2011இல் சிரியாவில் போர் மூண்டதும் மாணவர்கள் பலர் அம்மான் பக்கம் திரும்பினார்கள்; அடைக்கலம் தேடிச் சிரியர்களும் அங்கே வந்தார்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஃபுஸ்ஹா, அதாவது செய்தித்தாள் அரபு; வீட்டிலும் தெருவிலும் மக்கள் பேசுவது வேறு அரபு. 'ஐக்கிய நாடுகள் சபை'க்கு ஆரம்பப் பாடத்திலேயே சொல் கொடுத்த பாடநூல், 'வயிற்றைப் பிரட்டுகிறது' என்பதற்குக் கடைசிவரை கொடுக்கவில்லை.

பத்து மாதத்தில் தைரியம் வந்து, ஓர் இலவச மருத்துவ முகாமில் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். சிரிய மூதாட்டி ஒருவர், "நஃப்ஸி லஅயானே" என்றார். நஃப்ஸ் என்றால் ஆன்மா, மனம். அடுத்த சொல் என் காதில் 'தஅபானே', அதாவது சோர்வு, என்று விழுந்தது. போரிலிருந்து தப்பி வந்தவர்; பொருத்தமாகத்தானே இருக்கிறது? 'மனம் சோர்ந்திருக்கிறதாம்' என்று வெளிநாட்டு டாக்டரிடம் கம்பீரமாகச் சொன்னேன். அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தூக்கம் வருகிறதா, யாரையாவது இழந்தீர்களா என்று கேட்கக் கேட்க, நான் வேற்றுமை விகுதிகூடப் பிசகாமல் அரபாக்கினேன். மூதாட்டி "கீஸ், கீஸ்" என்றார். கீஸ் என்றால் பை. அவருடைய கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன். அவர் கேட்டது பிளாஸ்டிக் பை. டாக்டரின் குறிப்பேடு முழுவதும் வாந்தி.

'நஃப்ஸி லஅயானே' என்ற இரண்டு சொல்லுக்கும் சேர்ந்து குமட்டல் என்று பொருள். 'நெஞ்சைக் கரிக்கிறது' என்பவரிடம் என்ன துக்கம் என்று விசாரித்ததற்குச் சமம்.

இதை வைத்து ஃபுஸ்ஹா வேண்டாம் என்று நான் சொல்வதாகப் பண்டிதர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அகதிகள் கொண்டுவந்த அரசுக் கடிதங்களை எல்லாம் ஃபுஸ்ஹாதான் படித்துக் கொடுத்தது. வாந்திக்கு மக்கள் சொல்லும் 'இஸ்தஃப்ரக்' என்பதைக்கூட, 'காலி' என்று பொருள்படும் வேரை வைத்துப் பிறகு நானே ஊகித்தேன். மாதக் கணக்குத்தான் வேண்டும் என்றால், அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு அரபு கற்பிக்க 88 வாரம், 2200 வகுப்பு மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அவர்களுக்குச் சம்பளமும் உண்டு.

இன்னொன்று. 'ஐன்' எழுத்துக்காக நான் தொண்டையை இறுக்கிப் பழகியதைத் தொலைபேசியில் கேட்ட உறவினர் ஒருவர், ஒட்டகம் வளர்க்கிறாயா என்று சிரித்தார். மேடை ஏறினால் செம்மொழி, செம்மொழி என்று முழங்குகிறவர்; 'வாழைப்பழம்' அவர் வாயில் இன்றுவரை 'வாளைப்பளம்'தான். சரி, விடுங்கள்.

அடுத்த வாரம் அந்த மூதாட்டி மறுபடி வந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க, "லஅயானே என்றால் என்ன?" என்று வாத்தியார் மாதிரி என்னைக் கேட்டார். நான் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினேன்.