10 மாசமாச்சு, இன்னும் 'பாபா' 'தாதா'ன்னு சத்தமே வரல, வெயிட் பண்ணலாமா?

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையனுக்கு 10 மாசம் முடிஞ்சிருச்சு, நல்லா தவழுறான், பிடிச்சுட்டு நிக்கிறான், சிரிக்கிறான், 'ஆ...' 'ஊ...'ன்னு கத்துறான், ஆனா 'பாபா' 'தாதா' 'மாமா'ன்னு எதுவும் வரல. மாமியார் 'இவங்கப்பனே மூணு வயசுலதான் வாய் திறந்தான், ஆம்பளப்பிள்ள லேட்டாத்தான் பேசும்'னு சொல்றாங்களாம். பிறந்தப்போ 36 வாரம், மஞ்சள் காமாலைன்னு சில நாள் லைட்ல வச்சிருக்காங்க, காது டெஸ்ட் பாஸ்னு ஃபைல்ல இருக்கு.

வெயிட் பண்ணாதீங்கம்மா, இந்த வாரமே காமிச்சிடுங்க. பெரிய பிரச்சனைன்னு நான் சொல்லல, ஆனா இந்த வயசுல வெயிட் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல.

மாமியார் சொல்றது பேச்சைப் பத்தி, உங்க பையன் விஷயம் அதுக்கு முந்தின படி. முதல் வார்த்தை சில பிள்ளைக்கு 11 மாசத்துல வரும் சிலதுக்கு 15 மாசம் ஆகும், அதுல வித்தியாசம் சகஜம். ஆனா 'பபப' 'தததா'ன்னு அடுக்கி அடுக்கி சத்தம் போடுறது 6 மாசத்துக்கு மேல ஆரம்பிச்சு 10 மாசத்துக்குள்ள பெரும்பாலும் வந்துடும், பையனோ பொண்ணோ அதுல பெருசா வித்தியாசம் கிடையாது. 36 வாரத்துல பிறந்ததால ஒரு மாசம் கழிச்சு 9 மாசம்னு கணக்கு வச்சுக்கலாம், அதனால இன்னும் கொஞ்ச நாள்ல தானாவே வந்தாலும் வரும். அப்படி வந்தா சந்தோஷம், ஆனா காதை மட்டும் இப்பவே பாத்துடணும்.

ஏன் காதுன்னா, காது சுத்தமா கேக்காத குழந்தை கூட முதல் சில மாசம் அழும், சிரிக்கும், 'ஊ ஊ'ன்னு கொஞ்சும், அதைப் பாத்து வீட்ல யாருக்கும் சந்தேகமே வராது. அடுத்த கட்டத்துக்கு நாம பேசுறதும் அதுக்குக் கேக்கணும், அது போடுற சத்தமும் அதுக்கே கேக்கணும், இல்லன்னா அந்த 'பபப' அங்கேயே நின்னுடும்.

இதைச் சொன்னா உடனே எல்லாரும் சொல்றது 'இல்ல டாக்டர், தட்டைத் தட்டினா திரும்பி பாக்குறானே'. எவர்சில்வர் தட்டைத் தரையில போட்டா அதிர்வு தரை வழியா பிள்ளைக்குத் தெரியும், நம்ம கை அசையுறது ஓரக்கண்ணுல தெரியும், நம்ம நிழல் விழும். கதவு படார்னு சாத்துற சத்தம் கேக்குற பிள்ளைக்கு 'ச' 'த' 'க' மாதிரி மெல்லிசான சத்தம் கேக்காம இருக்கலாம், பேச்சுக்கு வேண்டியது அதுதானே. அதனால வீட்ல தட்டிப் பாத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க.

பாஸ்னு எழுதின அந்த டெஸ்ட் ஓஏஇ-யா இருந்தா, அது உள்காது வேலை செய்யுதான்னு மட்டும்தான் பாக்கும், அங்கிருந்து மூளைக்குப் போற நரம்பைப் பாக்காது. காமாலை ரொம்ப அதிகமா ஏறினா அடிபடுறது பெரும்பாலும் அந்த நரம்புப் பாதைதான், அப்போ ஓஏஇ பாஸ் ஆகும் ஆனா பிள்ளைக்குப் பேச்சு தெளிவா கேக்காது. லைட்ல வச்ச எல்லா பிள்ளைக்கும் இப்படி ஆகாது, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, இருந்தாலும் நீங்க அந்த நரம்புப் பாதையையும் பாக்குற பெரா (BERA) டெஸ்ட்டே கேட்டு எடுங்க. நெத்தியிலயும் காதுக்குப் பின்னாடியும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, காதுல சத்தம் கொடுத்து பாப்பாங்க, வலியே இருக்காது, பிள்ளை தூங்கணும் அவ்வளவுதான். காலையில சீக்கிரம் எழுப்பி விட்டு, வழியில தூங்க விடாம கூட்டிட்டுப் போய், டெஸ்ட்டுக்கு முன்னாடி பால் கொடுத்துத் தூங்க வைங்க.

பாஸ் ஆன பிறகும் காது குறையலாம்ங்கறதையும் மத்த பெற்றோர் கவனிங்க, மூளைக்காய்ச்சல், அடிக்கடி சளி பிடிச்சு காதுக்குள்ள நீர் கோத்துக்கிறது, குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே காது கேக்காதது, நெருங்கின சொந்தத்துல கல்யாணம், இதுல ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க, மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில குழந்தைகளுக்கான ஆரம்பநிலை சிகிச்சை மையம் இருக்கான்னு விசாரிங்க, மெடிக்கல் காலேஜ் இஎன்டி பிரிவுலயும் கேக்கலாம். குறை இருக்குன்னே வந்தாலும் காது மிஷின் இருக்கு, தேவைப்பட்டா உள்காதுல கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அதுக்கு வழியும் இருக்கு, ஆனா எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ பேச்சு அவ்வளவு நல்லா வரும்.

நாக்குக்கு அடியில ஒட்டியிருக்கு வெட்டி விடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க, 'பபப' 'மமம' ரெண்டுக்கும் உதடுதான் வேணும், நாக்கு வேண்டாம், அதனால அது காரணமா இருக்காது. வசம்பைத் தேன்ல உரசி நாக்குல தடவுறதும் வேண்டவே வேண்டாம், ஒரு வயசுக்குள்ள தேன் கொடுத்தா தசையெல்லாம் தளர்ந்து போற விஷ நோய் வரலாம். ஃபோனைக் காட்டி சோறு ஊட்டாதீங்க, ஃபோன் பதில் பேசாது.

டெஸ்ட் வரைக்கும் சும்மா இருக்க வேணாம். மடியில எதிரெதிரா உக்கார வச்சு, உங்க வாய் அவனுக்குத் தெரியுற மாதிரி, அவன் 'ஆ'ன்னா நீங்களும் 'ஆ'ன்னு சொல்லுங்க, அப்புறம் 'பா பா'ன்னு உதட்டை மூடித் திறந்து காட்டிட்டு வாயை மூடிட்டு அவன் முகத்தையே பாத்துட்டு காத்திருங்க. நம்மாளுங்க அந்த இடத்துலதான் அவசரப்பட்டு அடுத்ததைப் பேசிடுறாங்க, பிள்ளைக்கு யோசிச்சு சத்தம் எடுக்க நேரம் வேணும்.

காது நல்லா இருக்குன்னு வந்துட்டா, பேரைக் கூப்பிட்டா திரும்புறானா, கண்ணைப் பாக்குறானா, டாட்டா காட்டுறானா, ஒரு வயசு வாக்குல விரலை நீட்டி காட்டுறானான்னு பாருங்க. இது எல்லாம் இருந்தா மனசு நிம்மதியா ஒரு மாசம் கழிச்சு திரும்ப காட்டலாம், இல்லன்னா குழந்தை டாக்டரும் ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சேர்ந்து பாக்கணும். வந்த சத்தமோ சிரிப்போ திடீர்னு நின்னு போச்சுன்னா எந்த வயசா இருந்தாலும் உடனே ஓடுங்க.

போறப்போ டிஸ்சார்ஜ் ஃபைல், காமாலை அளவு எவ்வளவுன்னு இருக்கிற ரத்த ரிப்போர்ட், வீட்ல அவன் சத்தம் போடுற வீடியோ ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க, ஆஸ்பத்திரியில புது முகத்தைப் பாத்தா பிள்ளைங்க வாயே திறக்காது.