வகுப்பில் படித்த டைப்போகிராஃபி விதிகள் தமிழ்ப் புத்தகத்தில் ஏன் சரிவரவில்லை? தமிழுக்கென்று எதை முதலில் கற்க வேண்டும்?

கேட்டவர் புதுச்சேரியில் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வகுப்பில் கற்றதை வைத்து 90 பக்கத் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு லே-அவுட் செய்திருக்கிறார். மேல் வரியும் கீழ் வரியும் இடிக்கின்றன, சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய சந்து விழுகிறது, தவறு எங்கே என்பது கேள்வி.

நீங்கள் கற்ற விதிகளில் தவறில்லை. அவற்றோடு சேர்ந்து வந்த எண்கள்தான் தமிழுக்கு ஒத்துவராது. 120 சதவீத லீடிங் (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரையுள்ள தூரம்), வரிக்கு 60, 65 எழுத்து, ஏ4 தாளில் மூன்று பத்தி எல்லாம் ரோமன் எழுத்தை அளந்து எடுத்த கணக்கு. தமிழுக்கான கணக்கை நீங்களே அளந்து எடுக்க வேண்டும். அதற்கு முழுப் பக்கம் வேண்டியதில்லை, இரண்டு வரி போதும்.

மேல் வரியில் "நுழைவு புதுசு முழுவதும் தூது" என்று அடியுங்கள். அதற்கு நேர் கீழே "சீறி நீந்தி வீழ்ந்தீர்கள்" என்று அடியுங்கள். மேல் வரியில் உகர, ஊகாரங்களின் வால் கீழே இறங்கும். கீழ் வரியில் இகர, ஈகாரங்களின் வளைவும் புள்ளியும் மேலே ஏறும். 11 பாயின்ட் எழுத்துக்கு மென்பொருள் தானாகத் தருவது 13.2 பாயின்ட் லீடிங். பல ஃபாண்டுகளில் இந்த அளவில் 'பு'வின் வாலும் 'சீ'யின் வளைவும் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒட்டுவது போலத் தெரியும். அரை அரை பாயின்டாகக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு அளவிலும் அச்செடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 15.5-க்கும் 17-க்கும் நடுவில் வந்து நிற்பீர்கள். ஃபாண்ட் மாறினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். ஏனென்றால் 11 பாயின்ட் என்பது எழுத்தின் உயரம் இல்லை, எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் உயரம். ஒரு ஃபாண்டின் 11, இன்னொன்றின் 9 போலத் தெரியும். அச்செடுத்த தாளில் 'ப' எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, சுமார் 2 மில்லிமீட்டர் வருகிறதா என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி. கதைப் புத்தகத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நன்றாக உட்காரும். முக்த மலர் இதழ்களுக்கும் சிற்றேடுகளுக்கும் பொருந்தும். விண்டோஸின் லதா ஃபாண்டைத் திரையோடு விட்டுவிடுங்கள்.

இனி பக்கக் கணக்கு. உங்கள் புத்தகம் டெமி 1/8 என்று வைத்துக்கொள்வோம். 140 மில்லிமீட்டர் அகலம், 216 உயரம். தைத்த பக்கம் 20, வெளி ஓரம் 16, மேலே 18, கீழே 22 விட்டால் எழுத்துப் பரப்பு 104-க்கு 176. உயரம் ஏறத்தாழ 499 பாயின்ட். 16.5 லீடிங்கில் 30 வரி சரியாக அடங்கும். பேஸ்லைன் கிரிடையும் (வரிகள் உட்காரும் கண்ணுக்குத் தெரியாத கோடுகள்) 16.5-க்கே வைத்தால் எதிரெதிர்ப் பக்க வரிகள் ஒரே மட்டத்தில் நிற்கும். 13.2-இல் இதே பரப்பில் 37 வரி பிடிக்கும். அந்த 7 வரிதான் பதிப்பாளருக்கும் உங்களுக்கும் நடுவே வரப்போகிற பேச்சு. 37 வரியை 30 ஆக்கினால் பக்கம் கால்வாசி அளவுக்குக் கூடும், தாள் செலவும் கூடும்.

இது நம் கடற்கரையில் முந்நூறு ஆண்டாக இருக்கும் சிக்கல். கடலூருக்குத் தெற்கே தரங்கம்பாடியில், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன, தாளைத் தின்றன. அங்கிருந்த கிறித்தவ மிஷனரிகள் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்தார்கள். வழி இன்றும் அதேதான்: லீடிங்கைக் குறைக்காதீர்கள், வால்களும் வளைவுகளும் அடக்கமாக இருக்கும் ஃபாண்டைத் தேடுங்கள். உங்கள் 90 பக்கம் 13.2 லீடிங்கில் வந்ததென்றால், 16.5-இல் ஏறத்தாழ 111 பக்கம் ஆகும். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால், 6 ஃபாரத்துக்குப் பதில் 7 ஃபாரம், 112 பக்கம் ஆகும்.

சந்து விழுவதற்கு வருவோம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஆங்கில வரியில் பத்துப் பன்னிரண்டு சொல் இருக்கும். வரியை இருபுறமும் சமமாக இழுத்தால் மிச்ச இடம் பத்து இடைவெளிக்குப் பிரிந்து போகும், கண்ணுக்குத் தெரியாது. தமிழில் ஒட்டு மேல் ஒட்டாகச் சேர்ந்து சொல் நீளும். "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" ஒரே சொல், 19 எழுத்து. இது வரிக் கடைசியில் இடமில்லாமல் அடுத்த வரிக்குத் தாவினால், விட்டுப் போன இடம் முழுவதும் நாலைந்து இடைவெளிகளின் தலையில் விழும். ஏ4 தாளில் மூன்று பத்தி வைத்தால் ஒவ்வொன்றும் 57 மில்லிமீட்டர்தான், 10 பாயின்டில் மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வராது. அங்கே சந்து விழாமல் செய்யவே முடியாது. இரண்டு பத்தியாக்கி நடுவே 6 மில்லிமீட்டர் விடுங்கள், ஒவ்வொன்றும் 87 கிடைக்கும். புத்தகத்தில் வரிக்கு 6 முதல் 8 சொல் வருகிற மாதிரி எழுத்தளவையும் அகலத்தையும் சேர்த்தே தீர்மானியுங்கள். எழுத்தை எண்ணாதீர்கள், சொல்லை எண்ணுங்கள்.

அதற்குப் பிறகும் சில சொற்களை உடைத்தாக வேண்டும். தமிழில் உடைக்கும் முறை எளிது, ஆனால் கறாரானது. வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. ஆய்தத்திலும் தொடங்கக் கூடாது. ஒற்றை எழுத்தைத் தனியே விடக் கூடாது, அது முந்தைய வரியின் கடைசியானாலும் சரி, அடுத்த வரியின் தொடக்கமானாலும் சரி. மேலே சொன்ன சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "எழுதிக்" என்று நிறுத்தி "கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று தொடங்கலாம். "எழுதிக்கொண்டிருந்தவர்" என்று நிறுத்தி "களுக்கெல்லாம்" என்று தொடங்கலாம். "எழுதி" என்று நிறுத்தினால் அடுத்த வரி "க்கொண்டி" என்று தொடங்கும், அது பிழை. உடைந்த பாதி தனிச் சொல்லாக வாசிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். "பலகாரம்" என்பதைப் "பல" என்று நிறுத்திக் "காரம்" என்று தொடங்கினால் வாசிப்பவர் ஒரு நொடி தடுக்கி விழுவார்.

உடைத்த இடத்தில் கோடு போடுவதா? பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல கோடு போடாமலே உடைத்தன. கதைக்கு எனக்கு அதுவே சரியாகப் படுகிறது, வரியோரம் சுத்தமாக இருக்கும். எதைச் செய்தாலும் புத்தகம் முழுக்க ஒரே முறை. இன்டிசைன் என்ற லே-அவுட் மென்பொருளில் கோடில்லாமல் உடைக்க டைப் மெனுவில் இன்ஸர்ட் பிரேக் கேரக்டர், அதற்குள் டிஸ்கிரிஷனரி லைன் பிரேக். மெய்ப்பு முழுக்க முடிந்த பிறகே இதைச் செய்யுங்கள். இது கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தாகச் சொல்லுக்குள் உட்கார்ந்துகொள்ளும், அதே கோப்பை மின்னூலாக்கினால் தேடலில் அந்தச் சொல் அகப்படாமல் போகலாம். என்டர் தட்டி உடைப்பது மட்டும் வேண்டாம், ஒரு திருத்தம் வந்தாலே பத்தி முழுதும் குலையும்.

வரியை இருபுறமும் சமமாக இழுக்கும் ஜஸ்டிஃபிகேஷன் அமைப்பில் சொல் இடைவெளியைக் குறைந்தது 80, விரும்புவது 100, அதிகபட்சம் 140 சதவீதம் என்று வையுங்கள். எழுத்து இடைவெளி மூன்று கட்டத்திலும் பூஜ்யம். இதைத் தளர்த்தினால் தமிழில் விபரீதம் ஆகும். 'கொ'வில் கொம்பு, 'க', கால் என்று மூன்று துண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. இடைவெளி கூடும்போது கொம்பு முந்தைய எழுத்தோடு போகிறதா, அடுத்ததோடு வருகிறதா என்று கண் தடுமாறும். கால் 'ர' போலத் தெரியத் தொடங்கும். தலைப்புகளிலும் எழுத்துகளைப் பரப்பி வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். குழந்தைகள் புத்தகமென்றால் சமமாக இழுக்கவே வேண்டாம், இடப்பக்கம் மட்டும் சேர்த்து, எந்தச் சொல்லையும் உடைக்காமல் விடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் மென்பொருளில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தாலோ ஃபாண்டைக் குறை சொல்லாதீர்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர் தேர்வாகியிருக்க வேண்டும். அதைப் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிட்டால் மறக்காது. இன்டிசைன் வாங்க வழியில்லாதவர்களுக்கு இலவசமான ஸ்க்ரைபஸ் இருக்கிறது, 1.5 வரிசையிலிருந்து தமிழைச் சரியாகக் கோக்கும்.

எழுத்தாளர்கள் இன்னும் பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத பழைய ஃபாண்டுகளில் கோப்பு அனுப்புவார்கள். யூனிகோடுக்கு மாற்றிய பின் மூன்று இடத்தில் கை வையுங்கள். 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் காலுக்கு மேல் புள்ளி வைத்தது, அதாவது 'ா்'. இதைத் தேடி ஒட்டுமொத்தமாக மாற்றலாம். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்தது, ஔவையார் பெயரில்தான் அதிகம் வரும். அடுத்தது "மௌனம்" என்பதை "மெளனம்" என்று அடித்தது. கடைசி இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். கொம்பும் 'ள'வும் வரும் இடமெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றினால் புத்தகத்திலிருக்கும் வெள்ளி, வெளிச்சம், கெளுத்தி எல்லாம் கெட்டுவிடும். ஒளி, ஒளிவு ஆகியவற்றுக்கும் அதே கதிதான்.

புதுச்சேரியில் படிப்பதால் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காத பாடம் தெருவிலேயே இருக்கிறது. ஒயிட் டவுனில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த நீலத் தெருப் பலகைகளை நேருக்கு நேர் நின்று படமெடுத்து, பத்துப் பலகையில் இரண்டு எழுத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். பெரிய எழுத்தில் எழுதிய பிரெஞ்சு தனக்குக் கிடைத்த பட்டையை முழுதும் நிரப்பும். தமிழ் அதே பட்டையில் மேலே புள்ளிக்கும் கீழே வாலுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் அதன் நடு உடம்பு சிறுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே இடம் கொடுத்தால் அது சமமாகாது. புத்தகத்திலும் அப்படியே. தமிழ் வரிக்கு நடுவே வரும் ரோமன் எழுத்துக்குத் தனிக் கேரக்டர் ஸ்டைல் வைத்து, அதன் சிற்றெழுத்து உயரம் 'ப'வின் உயரத்துக்குச் சற்றே கீழே வரும்படி அளவை மாற்றுங்கள். கிரெப் ஸ்டைலில் (குறிப்பிட்ட எழுத்துகளைத் தேடி அவற்றுக்குத் தானாக ஸ்டைல் போடும் வசதி) பிரெஞ்சு உச்சரிப்புக் குறி எழுத்துகளையும் சேர்க்காவிட்டால், ஒரே சொல்லில் அந்த எழுத்துகள் மட்டும் வேறு ஃபாண்டில் நிற்கும். பிரெஞ்சில் கேள்விக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளி ஆகியவற்றுக்கு முன் உடையாத சிறு இடைவெளி விடுவது மரபு. தமிழுக்கு அது கிடையாது. மும்மொழி அழைப்பிதழ்களில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கும்.

சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. மென்பொருள் சாய்த்துத் தருவது வெறும் கோணல். அழுத்தம் வேண்டிய இடத்தில் மேற்கோள்குறி போடுங்கள், அல்லது அதே ஃபாண்டின் அடுத்த தடிமனை எடுங்கள். ஃபாண்டில் இல்லாத தடிமனைக் கோடு சுற்றி வரவழைத்தால் 'ண', 'இ' சுழிகள் மையில் அடைந்துவிடும்.

பழைய எழுத்து வடிவங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய புத்தகம் ஒன்றை எடுத்து 'லை', 'ளை', 'னை' எங்கே வருகிறது என்று பாருங்கள். முன்னால் கொம்பு இல்லாமல், எழுத்தின் தலையிலிருந்தே தும்பிக்கை மாதிரி ஒரு சுழி கிளம்பும். அந்தச் சுழிக்கு வரி மேலே கேட்ட இடமும், இன்று கொம்பு பக்கவாட்டில் கேட்கும் இடமும் வேறு. அந்தப் பக்கங்களின் லீடிங்கை இன்றைய ஃபாண்டுக்கு அப்படியே எடுக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அச்சுக்கு அனுப்பும்போது புள்ளியைக் காப்பாற்றுங்கள். உடல் எழுத்து முழுவதும் கறுப்பு மட்டும் 100 சதவீதமாக இருக்க வேண்டும். வேர்டிலிருந்தோ போட்டோஷாப்பிலிருந்தோ வந்த எழுத்து நான்கு வண்ணக் கலவையாக மாறியிருக்கலாம். நான்கு பிளேட்டில் ஒன்று இம்மியளவு நகர்ந்தாலும் சின்னஞ்சிறு புள்ளிதான் முதலில் கலங்கும், "பல்" என்பது "பல" ஆகும். இன்டிசைனில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனியே காட்டும் செபரேஷன்ஸ் ப்ரிவ்யூவைத் திறந்து கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள், எழுத்து முழுவதும் மறைய வேண்டும். எங்காவது நிழல் மாதிரி ஒரு பத்தி மிஞ்சினால் அங்கே கலவை இருக்கிறது. பிறகு நான்கு பக்கத்தை, அளவைச் சுருக்காமல் நூறு சதவீதத்தில், புத்தகத்துக்குப் போகப்போகிற அதே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் லேசரில் அச்செடுத்து, டெமி 1/8 இரண்டு பக்கம் சேர்ந்த அளவுக்கு வெட்டி நடுவில் மடித்துப் பிடியுங்கள். தைத்த பக்கத்து வரிகளின் கடைசி எழுத்தைப் படிக்கப் புத்தகத்தை வலுவாக விரிக்க வேண்டியிருந்தால் உள் ஓரத்தை 22 ஆக்கி வெளி ஓரத்தை 14 ஆக்குங்கள். வரி அகலம் அதே 104-இல் நிற்பதால் உடைத்த சொல் எதையும் மறுபடி தொட வேண்டியிருக்காது.