கார்த்திகைக் கொடி மாசியில் காய்ந்தால்

கேள்வி: போன மாரிக்குக் கார்த்திகைக் கிழங்கு ஒன்று வாங்கி வேலியோரம் வைத்தேன். நன்றாகப் படர்ந்து பூத்தது. தை பிறந்ததும் இலை மஞ்சளித்து, மாசியில் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. எங்களுடையது மணல் வளவு. கோடையில் கிணற்றுத் தண்ணீரும் குறைவு. தினமும் ஊற்றினால் தப்புமா, பிடுங்கி எறியவா? வீட்டில் சின்னப் பேரப்பிள்ளை வேறு. "அந்தப் பூவே வேண்டாத வம்பு" என்கிறார் என் வீட்டுக்காரர். (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: ஊற்றவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம் அம்மா. உங்கள் கொடி சாகவில்லை. கோடையை மண்ணுக்குள் தூங்கியே கழிப்பது அதன் வழக்கம். நீங்கள் நட்ட பழைய கிழங்கு இந்நேரம் சுருங்கிப் போயிருக்கும். அதற்குப் பதில் கலப்பை போலக் கவைத்த புதுக் கிழங்கு உள்ளே விளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்று நாட்டு வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். இலை மஞ்சளிக்கிற அந்தச் சில கிழமையில்தான் கொடியில் உள்ள சத்து கீழே இறங்குகிறது. ஆகவே பச்சை இருக்கும்வரை கொடியை வெட்டக்கூடாது. முழுக்கக் காய்ந்தபின் வெட்டிவிட்டு, இடம் மறக்காமல் ஒரு தடி நட்டு வையுங்கள். கச்சான் காற்று எவ்வளவு சுட்டாலும் காய்ந்த மணலுக்குள் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும்.

நம் பக்கத்தில் இந்தக் கொடிக்கு ஆபத்து வரட்சியைவிட மார்கழி வெள்ளந்தான். உங்கள் வளவில் தண்ணீர் தேங்குமென்றால், புரட்டாதிக்குள் கிழங்கைக் கிண்டி எடுத்து மேடான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். கவையின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு முளைக்கண் உண்டு. அது முறிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. மண்வெட்டியைத் தூரத்தில் போட்டு, கிட்டக் கையால் கிளறுங்கள். மணலோடு மக்கிய மாட்டெருவைக் கலந்து, கிழங்கைப் படுக்கையாக வைத்து, மூன்று நான்கு விரற்கடை மண் மூடினால் போதும். ஐப்பசி மழைக்குத் தானே எழும்பும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பிடித்து ஏறுவதால், மெல்லிய குச்சியோ கம்பிவலையோ பக்கத்தில் இருக்கட்டும். தடித்த கம்பத்தை அதனால் பற்ற முடியாது. விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூவைப் பார்க்க மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வம்பு. சங்கப் பாட்டுகளில் பெண்ணின் விரலுக்கு உவமையாக வரும் காந்தள் இதுதான். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பதும் காந்தட் கண்ணியே. மண்டூர்க் கந்தனைக் கும்பிடும் ஊர்க்காரருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு இது மாநில மலர். ஆபிரிக்காவில் சிம்பாப்வேக்குத் தேசிய மலர். விடுதலைப் புலிகளும் இதைத் தேசிய மலராக அறிவித்தார்கள். அவர்கள் தம் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் வரும் நவம்பர் 27, நம் மழைக்காலத்தில் இது பூத்துக் குலுங்கும் நேரம் என்பதால், அந்த நினைவு பூவோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பற்றைக்காட்டில் தானாகவே முளைக்கிற ஒரு கொடி வேலியில் பூத்ததற்கு யாருக்கும் சமாதானம் சொல்லத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

நான் பயப்படுவது பேரப்பிள்ளைக்காக. இந்தச் செடியில் வேரிலிருந்து விதை வரை கொல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கவுட் வாதத்துக்கு மருந்தாகக் கொடுப்பதும் அதையேதான், மிகச் சிறிய அளவில். அதற்காகவே தமிழ்நாட்டில் இதை வயலில் பயிரிட்டு விதை எடுக்கிறார்கள். கிழங்கை வற்றாளங்கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையிலேயே உண்டு. எடுத்த கிழங்கைக் குசினிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். தொடும்போது கையில் ஒரு சொப்பிங் பையை மாட்டிக்கொள்ளுங்கள். காய் வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் விதைகள் மணிபோல் மினுங்கும், பிள்ளைகள் வாயில் போடத் தோதாக. ஆகவே பூ வாடியதுமே காம்போடு கிள்ளிவிடுங்கள். காயைச் சுமக்காததால் கிழங்கும் பெருக்கும்.

பிள்ளை தவழுகிற வயதென்றால், இந்தக் கோடையிலேயே கிழங்கை எடுத்து, ஆடும் பிள்ளையும் போகாதபடி அடைத்த ஒரு மூலைக்கு மாற்றுங்கள். தப்பித்தவறி யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அறிகுறி தெரியவே சில மணி நேரம் பிடிக்கும். மிச்சத் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.