டயாலிசிஸை ஏன் தள்ளிப் போட்டார்கள்?

கேள்வி: டாக்டர், வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. நெடுநாளாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தபோது, ரோட்டில் உடைத்த தேங்காயின் ஓடு ஒன்று பாதத்தில் ஏறியிருக்கிறது. அவருக்கே அது தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல், பேச்சுக் குழறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ராத்திரியே ஐசியுவில் சேர்த்து, மூச்சுக்கு மெஷின் வைத்து, இரண்டு கால்விரல்களையும் எடுத்துவிட்டார்கள். "செப்சிஸ், பல உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன, கிட்னி வேலை செய்யவில்லை" என்றார்கள். ஆனால் டயாலிசிஸ் மூன்றாம் நாள்தான் ஆரம்பித்தார்கள். அன்று பொட்டாசியம் 6.4க்கு ஏறிவிட்டது என்று நர்ஸ் சொன்னார். முதல் நாளே போட்டிருந்தால் கிட்னி பிழைத்திருக்கும் என்று சித்தப்பா இன்னும் கோபமாக இருக்கிறார். இப்போது அப்பா வார்டில் இருக்கிறார். சிறுநீர் வருகிறது, டயாலிசிஸை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 290. வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் வேண்டியிருக்குமா? வைட்டமின் சி டிரிப், ரத்தத்தில் உள்ள விஷத்தை எடுக்கும் ஃபில்டர் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அதெல்லாம் செய்திருப்பார்களா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சித்தப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. அண்ணன் கண்ணெதிரே வீங்கிப்போய்ப் படுத்திருக்கிறார், சிறுநீர்ப் பையில் ஒன்றும் இறங்கவில்லை, மெஷினோ பக்கத்து அறையில் சும்மா நிற்கிறது. யாருக்குத்தான் கோபம் வராது? அப்பாவின் ஃபைலை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், அந்த இரண்டு நாளும் டாக்டர்கள் வேண்டுமென்றே காத்திருந்த மாதிரிதான் தெரிகிறது. காத்திருந்தது சரி என்றும் நினைக்கிறேன்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். காலில் புகுந்த கிருமி நேராகப் போய்க் கிட்னியைத் தின்றுவிடவில்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தத் தற்காப்பு கட்டுமீறிப்போய், தன் உறுப்புகளையே முடக்கிவிட்டது. செப்சிஸுக்கு 2016ல் உலக அளவில் ஒத்துக்கொண்ட விளக்கமும் ஏறக்குறைய இதுதான். ஐசியுவில் தினமும் ஆறு இடங்களுக்கு மார்க் போடுவார்கள்: நுரையீரல், ரத்தம் உறையும் தன்மை, ஈரல், ரத்த அழுத்தம், மூளை, கிட்னி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 4 வரை. இந்தக் கணக்கில் மார்க் குறையக் குறையத்தான் சந்தோஷம்.

"உறுப்பு செயலிழந்தது" என்று கேட்டதும் நம் ஆட்கள் உறுப்பு செத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். செப்சிஸில் இறந்தவர்களின் கிட்னியையும் இதயத்தையும் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அந்த உறுப்புகள் அடியோடு நின்றுபோயிருந்தும், செத்த செல்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தன. கலவர நேரத்தில் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பாரே, ஏறக்குறைய அந்த நிலைமை. அதனால்தான் பத்து நாள் ஒரு சொட்டும் சிறுநீர் வராதவருக்குக்கூட மறுபடி வரத் தொடங்குகிறது.

சரி, டயாலிசிஸ் விஷயத்துக்கு வருகிறேன். டயாலிசிஸ் கிட்னியைக் குணப்படுத்தாது. கிட்னி தூங்கும்போது அதன் வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு ஏறினால், ரத்தத்தில் அமிலம் மிஞ்சினால், நுரையீரலில் தண்ணீர் கோத்து மருந்துக்கும் இறங்காவிட்டால், உடனே போட்டாக வேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இந்த ஆபத்து எதுவும் வரவில்லை, ஆனால் சிறுநீர் மட்டும் வரவில்லை என்றால் போடுவதா, பொறுப்பதா என்பதில்தான் நீண்ட நாள் சண்டை இருந்தது. நானும் பயிற்சிக் காலத்தில் சீக்கிரம் போடும் கட்சிதான். அப்போது பலரும் அப்படித்தான் நினைத்தோம்.

2016ல் பிரான்சில் 620 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு உடனே டயாலிசிஸ். மறு பாதிக்கு, மேலே சொன்ன ஆபத்துகளில் ஒன்று வரும்வரை காத்திருந்தார்கள். இறப்பில் வித்தியாசமே இல்லை. காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படாமலே போய்விட்டது! உடனே போட்டவர்களில் 10 சதவீதத்தினருக்கு ரத்தக் குழாயில் போட்ட டியூப் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியது, காத்திருந்தவர்களில் 5 சதவீதம்தான். சிறுநீரும் காத்திருந்தவர்களுக்கே முந்தித் திரும்பியது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஒரே ஆஸ்பத்திரியில் 231 பேரை வைத்துச் செய்த ஆய்வு, சீக்கிரம் போடுவதே நல்லது என்று நேர்மாறாகச் சொன்னது. அதனால் சண்டை தீரவில்லை.

2020ல் வந்த பெரிய ஆய்வுதான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 15 நாடுகள், ஏறக்குறைய 3,000 நோயாளிகள். 90 நாளில் இரண்டு பக்கமும் நூற்றில் 44 பேர் இறந்துபோனார்கள், கொஞ்சம்கூட வித்தியாசமில்லை. இந்த எண்ணைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டார். உங்களுக்கு வேண்டியது அடுத்த கணக்கு. உயிர் பிழைத்தவர்களில், 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸை விட முடியாமல் இருந்தவர்கள் சீக்கிரம் போட்ட பக்கத்தில் நூற்றுக்குப் பத்து, பொறுத்திருந்த பக்கத்தில் ஆறு. சித்தப்பாவிடம் இந்த ஒரு வரியை மட்டும் காட்டுங்கள்.

ஏன் அப்படி? டயாலிசிஸ் ஓடும்போது ரத்த அழுத்தம் அடிக்கடி இறங்கும். தேறத் தொடங்கியிருக்கும் கிட்னிக்கு ஒவ்வொரு இறக்கமும் இன்னோர் அடி. கழுத்திலோ தொடையிலோ பெரிய டியூப் போட வேண்டும். கிருமியைக் கொல்லக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கில் ஒரு பங்கையும் மெஷின் சேர்த்து வெளியேற்றிவிடும். அதற்காக வரம்பில்லாமல் தள்ளிப் போடலாம் என்றும் இல்லை. 2021ல் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் தள்ளுவதால் பலன் இல்லை, ஆபத்து கூடவும் செய்யலாம் என்று தெரிந்தது. உங்கள் அப்பாவுக்குப் பொட்டாசியம் 6ஐத் தாண்டிய அன்றே ஆரம்பித்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வில் வைத்த கோடும் அங்கேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடந்த 25 வருட ஐசியு ஆராய்ச்சியில் பாதி, நாங்கள் நல்லது என்று நம்பிச் செய்ததை நிறுத்திய கதைதான். மூச்சு மெஷினில் காற்றைத் தாராளமாகத் தள்ளிக்கொண்டிருந்தோம். 2000ல் அமெரிக்காவில் 861 பேரிடம் அந்த அளவைப் பாதியாக்கியதும் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 31க்கு இறங்கியது. கிட்னிக்கு நல்லது என்று டோபமின் மருந்தைச் சின்ன அளவில் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதே ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆய்வு அதில் ஒரு பலனும் இல்லை என்றது. சர்க்கரையை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தினோம். 2009ல் 6,000 பேரிடம் பார்த்தபோது அதனால் இறப்பு கூடியது. செப்சிஸுக்கென்றே 2001ல் சிக்ரிஸ் என்று ஒரு மருந்து வந்தது. விலை யானை விலை. பத்து வருடம் விற்று, அடுத்த பெரிய ஆய்வில் உயிரைக் காப்பாற்றவில்லை என்று தெரிந்ததும் 2011ல் திரும்பப் பெற்றார்கள்.

வைட்டமின் சியும் அந்த வரிசைதான். 2017ல் ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து, சின்ன எண்ணிக்கையில் நோயாளிகளை வைத்து, அதிசயம் போல ஒரு முடிவு வந்தது. உலகம் முழுக்க டிரிப் ஏற்ற ஆரம்பித்தார்கள். 2022ல் 870 பேருக்கு மேல் ஒழுங்காகச் சோதித்தபோது, வைட்டமின் சி ஏற்றியவர்களில் இறந்தவர்களோ உறுப்புகள் தேறாதவர்களோ 44.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 38.5 சதவீதம். அதோடு, பெரிய அளவில் ஏற்றினால் கிட்னியில் ஆக்சலேட் படிகம் படியலாம். இனிப்புநீர்க்காரருக்கு இன்னொரு வம்பும் உண்டு. விரலில் குத்திப் பார்க்கும் சில சர்க்கரை மெஷின்கள் வைட்டமின் சியைச் சர்க்கரை என்று எண்ணிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவருக்கு இது தெரிந்திருக்காது.

ரத்தத்திலிருந்து கிருமியின் நச்சைப் பிடிக்கும் ஃபில்டரும் நிஜமாகவே இருக்கிறது. 2018ல் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் அறை நன்றாக இருந்திருக்கும், பார்க்கப் போகிறவர்களுக்கு நேரமும் தாராளமாக இருந்திருக்கும். சிகிச்சையின் அடிப்படை இதேதான்: தாமதிக்காமல் ஆன்டிபயாட்டிக், அழுகிய இடத்தைச் சீக்கிரம் வெட்டி எடுப்பது, ரத்த அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடிப்பது. வந்த ராத்திரியே விரல்களை எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பாவைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு அதற்குத்தான்.

வாழ்நாள் முழுக்க டயாலிசிஸா என்ற கேள்விக்கு இன்றைக்கே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அறிகுறிகள் நல்லவையாக இருக்கின்றன. டயாலிசிஸ் இல்லாமல் ஐந்து நாள் சிறுநீர் வருகிறது என்பது சின்ன விஷயமில்லை. பொதுவாக 90 நாள் வரை தேறுவதற்கு அவகாசம் கொடுத்துப் பார்ப்போம். அதற்கு மேலும் எண்கள் இறங்காவிட்டால் நாள்பட்ட கிட்னி நோய் என்று கணக்கில் எடுப்போம்.

இங்கே ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஐசியுவில் கிடந்தால் பத்தே நாளில் தொடைத் தசையின் பருமன் ஏறக்குறைய 18 சதவீதம் கரைந்துவிடுகிறது என்று 2013ல் இங்கிலாந்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்பாவின் தொடையைக் கையால் பிடித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். தசை குறைந்தவருக்குக் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும், கிட்னி தேறிவிட்டது போலத் தோன்றும். அதனால் எண் 130, 140க்கு வந்ததும் கிளினிக்கை மறந்துவிட வேண்டாம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். உடம்புச் சூடு தணிய இளநீர் வாங்கி வருவார் ஒருவர். அதில் பொட்டாசியம் அதிகம், இப்போதைக்கு வேண்டாம். பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸ் அறவே கூடாது. கிட்னி பலவீனமானவருக்கு அந்தப் பழத்தில் உள்ள நச்சு மூளைக்கு ஏறி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். உயிரே போனதும் உண்டு. கால் வலிக்கு டைக்ளோஃபினாக், மெஃபினாமிக் ஆசிட் மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், பாரசிட்டமால் போதும். ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, மூட்டுவலிப் பொடி எல்லாம் ஓரம் கட்டுங்கள். சிலவற்றில் லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. "கிட்னியைக் கழுவ" என்று லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்க வைக்கவும் வேண்டாம், வார்டில் சொன்ன அளவுதான். இனிப்புநீருக்கான மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் நிறுத்தியிருந்தால், டாக்டர் சொல்லும்வரை பழைய டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

ராத்திரியில் அப்பா சம்பந்தமில்லாமல் பேசலாம், ஐசியுவில் யாரோ தன்னைக் கட்டிப்போட்டார்கள் என்று சொல்லலாம். அழுதாலும் அதிசயமில்லை. ஐசியுவிலிருந்து வருபவர்களுக்கு இது சகஜம், பெரும்பாலும் போகப்போகக் குறையும். மறுபடி காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். செப்சிஸ் வந்தவருக்குத் திரும்ப வருவது அபூர்வம் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு அவர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் ஒரு வேலை உங்களுக்கு. அப்பா கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) இனிப்புநீருக்குப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய புத்தகத்தைத் தேடி எடுத்து, தைப்பூசத்துக்கு முன் கடைசியாக எடுத்த கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். 90 இருந்ததா, 180 இருந்ததா? முன்பே 180 இருந்திருந்தால் இப்போதைய 290 எவ்வளவு தூரம் இறங்கும் என்ற எதிர்பார்ப்பே மாறிவிடும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் அந்தப் பக்கத்தை வார்டு டாக்டரிடம் காட்டி, கிட்னி கிளினிக் அப்பாய்ண்ட்மென்ட் தேதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.